விழுங்கிய சொல்

போன வாரம் வீரம்மாவைக் கோர்ட்டு வாங்கில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மடியில் ஈரக் கம்பளி. கண் இரண்டும் எதிரே இருந்த குற்றவாளிக் கூண்டில்.

கூண்டில் நின்றவன் சோலைமலை. கல்லுமலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி முத்துலிங்கத்தின் தங்கச்சி மகன். வீரம்மாவின் புருஷன் கந்தப்பன், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் கழுத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்த அன்றைக்கு, தேயிலைச் செடி நறுக்குகிற கவ்வாத்துக் கத்தியோடு, ரத்தம் சொட்டச் சொட்டத் தேயிலைக்குள் இறங்கி ஓடியவன். ஓடியதைப் பார்த்தது ஒரே ஒருத்தி. கந்தப்பனின் தங்கச்சி ராக்காயி.

கந்தப்பன் செய்த குற்றம் இவ்வளவுதான். கங்காணிக்குத் தெரியாமல், தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாகப் போய்த் தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்தான்.

வீரம்மா நியாயம் கேட்டு வரவில்லை. நியாயம், தீர்ப்பு என்பதெல்லாம் கறுப்புக் கோட்டுக்காரர்கள் பேசிக்கொள்கிற பேச்சு. அவளுக்குச் சோலைமலை சாக வேண்டும். அவள் கண் பார்க்கச் சாக வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு தவணைக்கும் அன்றைய வேலைப் பேரும் கூலியும் இழந்து, மழையில் நனைந்து, மலையிறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"ராக்காயி! கல்லுமலைத் தோட்டம் ராக்காயி!"

பியோன் கத்தினான். ராக்காயி எழுந்தாள். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

"என்னாத்துக்கு நிக்குற?" என்றாள் வீரம்மா. "பாத்ததத்தானே சொல்லப் போற? அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"அவன் மூஞ்சியப் பாத்தா வாய் வராது அண்ணி."

"அப்ப உங்க அண்ணன் மூஞ்சிய நெனச்சுக்க. கடைசியா பாத்த மூஞ்சிய."

ராக்காயி போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினாள். நீதவான் ஐயா எழுதிக்கொண்டே ஏதோ இங்கிலீசில் கேட்டார். அதைத் தமிழில் மாற்றிச் சொல்கிற துவிபாஷி முதலியார் யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் துணி சுற்றி வைத்திருந்த கவ்வாத்துக் கத்தியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார், ஏதோ செத்த எலியைத் தூக்குகிற மாதிரி.

"இந்தக் கத்தியை உமக்குத் தெரியுமோ? கையிலெடுத்துப் பார்த்துச் சொல்லும்."

ராக்காயி கையை நீட்டினாள்.

அவள் விரல் கத்தியில் படுவதற்கு முன்னாலேயே சோலைமலை கூண்டைத் தாண்டிவிட்டான். பக்கத்தில் காவலுக்கு நின்ற போலீஸ்கார ராலாமி கொட்டாவிக்குத் திறந்த வாயை மூடக்கூட நேரமில்லை. கத்தி அவன் கைக்குப் போனது. ராக்காயியின் கொண்டை அவன் இன்னொரு கைக்குப் போனது. முதலியார் மல்லாந்து விழுந்தார்.

"யாரும் கிட்ட வராதீங்க! வந்தா அறுத்துப்புடுவேன்!"

அதன் பிறகு கோர்ட்டில் இருந்தது ஓடுகிற கால்கள் மட்டும்தான். வாங்கு சரிந்தது. குடை நசுங்கியது. ஐயா பின்கதவு வழியாகச் சேம்பருக்குள் போனார். முதலியார் தவழ்ந்தே அவர் பின்னால் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வீரம்மா மட்டும் எதிர்த்திசையில், சாட்சிக் கூண்டைப் பார்த்து ஓடினாள். ஒரு ராலாமி அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்து வெளியே இழுத்தான். அவன் கையைக் கடித்தாள். கடித்ததோடு நில்லாமல், அவன் அம்மா அப்பா இரண்டு பேரையும் சிங்களத்தில் இழுத்துத் திட்டினாள்.

அந்தத் திட்டுத்தான் இன்ஸ்பெக்டர் சேனாரத்னவின் காதில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கமிருந்த ஸ்டேஷனிலிருந்து தொப்பி கூட இல்லாமல் ஓடி வந்திருந்தார். நிதானமான ஆள். வந்தவுடனே முற்றத்தைக் காலி பண்ணினார். கேட்டைப் பூட்டச் சொன்னார். மேலதிகாரியைக் கூட்டி வர ஜீப்பை அனுப்பினார். ஒரு ராலாமியை ரைஃபிளோடு பக்க ஜன்னலுக்கு அனுப்பி, "நான் கையைக் கீழே இறக்கினால்தான் சுட வேண்டும். அதுவரைக்கும் தும்மக்கூடக் கூடாது" என்றார்.

பிறகு வீரம்மாவிடம் வந்தார். பேச்செல்லாம் சிங்களம்.

"உனக்கு சிங்களம் எங்கே பழக்கம்?"

"தோட்டத்துக்குக் கீழ நாட்டுப்பக்கம், மாத்தயா. காய்கறி வாங்கப் போற சிங்கள வீடுங்க."

"உள்ளே இருக்கிற பெண் யார்?"

"என் புருஷன் தங்கச்சி."

"கத்தி வைத்திருக்கிறவன்?"

"என் புருஷனைக் கொன்னவன்."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். வேறு ஆளைத் தேடலாமா என்று யோசித்திருப்பார். முதலியார் சேம்பருக்குள். தமிழ் தெரிந்த ராலாமி லீவில். கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தில் போய் ஆள் தேட அவருக்குப் பொறுமையில்லை.

"என் கூடவே நில். அவன் சொல்வதை எனக்குச் சொல். நான் சொல்வதை அவனுக்குச் சொல். உன் பேச்சு எதையும் நடுவில் போடாதே."

வாசல் கதவோரம் இருவரும் குனிந்து நின்றார்கள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சே கேட்காது. உள்ளே, மூலைச் சுவரில் முதுகை ஒட்டி நின்றான் சோலைமலை. ராக்காயியை முன்னால் நிறுத்தி, வளைந்த கத்தியை அவள் கழுத்தில் கொக்கி போட்ட மாதிரி வைத்திருந்தான். அவள் காதில் ஏதோ முணுமுணுவென்று சொல்லிக்கொண்டே இருந்தான். ராக்காயியின் கண் அகல விரிந்திருந்தது.

"ஏ சோலமல!" என்று கத்தினாள் வீரம்மா. "உனக்கு என்னா வேணும்னு கேக்குறாரு!"

"யாரு, வீரம்மாக்காவா?"

"என்னைய அக்கான்னு கூப்புட்ட, நாக்க இழுத்து வச்சு அறுப்பேன். கேட்டதுக்குப் பதிலச் சொல்லுடா நாயே!"

"பேர வெட்டச் சொல்லுங்கக்கா!"

"எந்தப் பேர?"

"எம்பேரத்தான்! கேசுலருந்து எம்பேர வெட்டச் சொல்லுங்க! வெட்டுனா இந்தப் புள்ளய விட்டுடுறேன். தவணைக்குத் தவணை மாமா சொன்னாரு, பேர வெட்டித் தர்றேன், வெட்டித் தர்றேன்னு. இன்னைக்கும் என் பேரத்தானே கூப்புடுறாங்க! வெட்டச் சொல்லுங்க!"

தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இது விளங்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், தோட்டத் துரை செக்ரோல் பேர்ப்பட்டியலில் ஒரு கோடு இழுத்தால் அதுதான் பேர் வெட்டு. பேர் வெட்டினால் வேலை இல்லை, குடியிருக்க லயத்துக் காம்பரா இல்லை. கங்காணி துரை காதில் சொன்னால் பேர் வெட்டு விழும். கங்காணி மறுபடி சொன்னால் வெட்டிய பேர் திரும்ப ஏறும். கோர்ட்டும் ஒரு பெரட்டுக் களம்தான், ஐயாவும் ஒரு துரைதான், மாமா சொன்னால் கோடு இழுத்துவிடுவார் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறான் மடையன்.

வீரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன சொல்கிறான்?" இன்ஸ்பெக்டர் அவள் தோளைத் தட்டினார். "வெட்டு, வெட்டு என்றானே. அந்தச் சொல் எனக்குத் தெரியும். வெட்டுவதென்றால் கபனவா. அதுதானே?"

"ஆமா, மாத்தயா."

"யாரை? எதை? ஒழுங்காகச் சொல். அவன் பேரம் பேசினால் எனக்கு அவசரமில்லை. பெரியவர் வரும்வரை, ராத்திரியானாலும் காத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பெண்ணை வெட்டப் போகிறேன் என்கிறானென்றால் காத்திருக்க முடியாது."

வீரம்மா பக்க ஜன்னலைப் பார்த்தாள். உடைந்த கண்ணாடிக்குள் ரைஃபிளின் மூக்கு நுழைந்திருந்தது. அதைப் பிடித்திருந்த ராலாமி இன்ஸ்பெக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, அவள் வாய்தான் துப்பாக்கி.

நம கபன்ன கியனவா. பேரை வெட்டச் சொல்கிறான். சிங்களத்திலும் பேர் வெட்டுவது பேர் வெட்டுவதுதான். நாட்டுப்பக்கத்து வீடுகளில் அவளே எத்தனையோ தரம் கேட்ட பேச்சு. 'நம' என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது.

ராக்காயியை நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். குண்டு ஒரு சாண் தப்பினால் அந்தப் பெண்ணின் நெஞ்சு. கத்தி ஒரு இழுப்பு இழுத்தால் அந்தப் பெண்ணின் குரல்வளை. எல்லாம் தெரிந்தது. ஆனால் கந்தப்பனின் கழுத்தும் தெரிந்தது. கழுவக் கழுவக் கழுவ, துணியில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்த அந்தக் கழுத்து. 

'நம'வை விழுங்கினாள். அடுத்த சொல்லின் வாலைத் திருப்பி, மழைக்கு மேல் கேட்கும்படி கத்தினாள்.

"கபனவா கியனவா, மாத்தயா." வெட்டப் போறேங்கிறான்.

"இப்போதேயா?"

"இப்பவே."

இன்ஸ்பெக்டரின் கை கீழே இறங்கியது.

வெடிச் சத்தம் சிறியதாகத்தான் இருந்தது. மழை பாதியைத் தின்றுவிட்டது. சோலைமலை சுவரில் முட்டி, வழுக்கி, உட்கார்ந்தான். உட்காரும்போதும் ராக்காயியின் கொண்டையை விடவில்லை. அவளும் கூடவே சரிந்தாள். கத்தி அவள் முன்னங்கையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

ராலாமிமார் பாய்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வீரம்மா போய்ச் சேர்ந்தாள். ராக்காயியைத் தாண்டிக்கொண்டு போனாள். போய்க் குனிந்து சோலைமலையின் முகத்தைப் பார்த்தாள்.

"செத்துட்டானா?"

சாகவில்லை. தோளுக்குக் கீழே ஒரு பொத்தல். அதிலிருந்து ரத்தம் விட்டுவிட்டு வந்தது. மூச்சு கரகரத்தது. இமை பாதி மூடியிருந்தது.

"சாவுடா," என்றாள் வீரம்மா. "என்னாத்துக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குற? சாவு."

பின்னாலிருந்து ராக்காயி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கிழிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சிங்களம் தெரியும். அந்த வீடுகளுக்கு அண்ணி கூடக் கூடை தூக்கிப் போனவள்தானே.

"என்னா அண்ணி சொன்னீங்க அவருகிட்ட?"

"வாய மூடு."

"பேர வெட்டச் சொல்லுன்னுதானே அவன் சொன்னான்? நீங்க என்னைய வெட்டப் போறேன்னு மாத்திச் சொல்லிட்டீங்க. குண்டு என் மேல பட்டிருந்தா?"

"படலல்ல?"

"பட்டிருந்தா அண்ணி?"

வீரம்மா மறுபடி சோலைமலை பக்கம் திரும்பினாள்.

"அவன் இல்ல அண்ணி," என்றாள் ராக்காயி. குரல் இறங்கிவிட்டது. "அவ்வளவு நேரமும் காதுல அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தான். அண்ணன வெட்டுனது கங்காணி. மடுவத்துக்குப் பின்னால நின்னு கங்காணிதான் வெட்டியிருக்காரு. வெட்டிட்டு, கத்திய இவன் கையில குடுத்து, ஆத்துல வீசிட்டு வாடான்னு வெரட்டி விட்டிருக்காரு. நான் பாத்தது அந்த ஓட்டம்தான். புடிபட்டாலும் பேர வெட்ட வச்சிருவேன், வாயத் தொறக்காதேன்னு சொல்லியிருக்காரு. இன்னைக்குச் சாட்சிக்கு என்னையக் கூப்புட்டதும்தான் அவனுக்கு வெளங்கியிருக்கு, மாமன் கைய விட்டுட்டாருன்னு."

"பொய்யி. உயிருக்குப் பயந்து சொன்னது."

"உயிருக்குப் பயந்தா பொய் ஏன் என் காதுல சொல்றான்? கத்திச் சொல்ல மாட்டானா? மாமன் பேரச் சத்தமா சொல்லவே அவனுக்கு வாய் வரல அண்ணி."

அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. ஒரு கறுப்புக் கார் முற்றத்துக்குள் வந்து நின்றது.

எந்தத் தவணைக்கும் கோர்ட்டுப் பக்கம் தலை காட்டாத மனிதர், பெரிய கங்காணி முத்துலிங்கம், கலவரச் சேதி கேட்டு வந்தவர், குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். கோட்டு. தலைப்பாகை. காதில் சிவப்புக் கடுக்கன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கீழே கிடந்தவனைப் பார்த்தார். முதலில் பார்த்தது அவன் நெஞ்சை. ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பார்வை அது. ஏறி இறங்கியது. கங்காணியின் வாய் ஓரம் ஒரு தரம் இழுத்துக்கொண்டது.

பிறகு வீரம்மாவிடம் வந்தார்.

"மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா, தாயி. உன் வயித்தெரிச்சல் சும்மா போவல. என் தங்கச்சி மகன்தான், ஆனாலும் நான் உம் பக்கம்."

எத்தனை மாதமாக அவளைக் கண்டால் காறித் துப்பிவிட்டுப் போன வாய். இன்றைக்குத் தாயி.

சோலைமலை செத்தால் கங்காணியின் ரகசியமும் கூடவே சாகும். அவள் இவருக்குத்தான் வேலை செய்து கொடுத்திருக்கிறாள். கொழுந்து எடுத்துக் கொடுத்த மாதிரி, கூடையோடு கொண்டு வந்து இவர் காலடியில் கொட்டியிருக்கிறாள்.

கங்காணி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். நல்ல சிங்களம், மரியாதையான சிங்களம். "ஜீப் இல்லையாமே, மாத்தயா? என் கார் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டு போகிறேன். உங்கள் ராலாமி முன்னால் உட்காரட்டும். நான் பின்னால் இவன் தலையை மடியில் வைத்துக்கொள்கிறேன். என் ரத்தமல்லவா?"

இன்ஸ்பெக்டருக்கு அது பெரிய உதவியாகத்தான் தெரிந்தது. "போஹொம ஸ்துதி" என்று நன்றி சொன்னார். நாலு பேர் சோலைமலையைத் தூக்கினார்கள்.

பின் சீட்டு. மூடிய கண்ணாடி. மூக்கையும் வாயையும் பொத்த ஒரு சால்வை போதும்.

"ராக்காயி, இங்க பாரு," என்றாள் வீரம்மா. "இன்ஸ்பெக்டர்கிட்டப் போ. அவன் காதுல சொன்னத ஒண்ணு விடாமச் சொல்லு."

"அதச் சொன்னா, பேர வெட்டச் சொன்னதையும் சொல்லணும். நீங்க மாத்திச் சொன்னது வெளிய வந்துடும்."

"வரட்டும்."

"உங்கள உள்ள போட்டுருவாங்க அண்ணி."

"போடட்டும்டி. அந்தாளும் உள்ள வரணும். அந்தாள் உள்ள இருந்தா நானும் சந்தோசமா கம்பி எண்ணிக்கிட்டுக் கெடப்பேன். போ!"

ராக்காயி ஒரு கணம் அண்ணியையே பார்த்தாள். அந்தப் பார்வையில் பாசம் இல்லை. பிறகு கிழிந்த கையைப் பிடித்துக்கொண்டு, முதலியாரைக் கதவைத் திறக்கச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் போனாள்.

வீரம்மா காரைப் பார்த்து ஓடினாள். சோலைமலையை உள்ளே கிடத்திவிட்டு ராலாமிமார் விலகியிருந்தார்கள். கங்காணி குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அவர் காலைத் தூக்கி வைப்பதற்குள் வீரம்மா மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். சோலைமலையின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். கம்பளியைச் சுருட்டிப் பொத்தலில் வைத்து அழுத்தினாள்.

"ஏ புள்ள! எறங்கு! புருஷனக் கொன்னவன மடியில போட்டுக்கிட்டு வர்றியே, லயத்துல நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"பேசட்டும் கங்காணி. நீங்க முன்னால ஏறுங்க."

"எறங்குன்னு சொல்றேன்."

"ரத்தத்த அமுக்கிப் புடிக்க ஆளு வேணும்," என்று சிங்களத்தில் ராலாமியிடம் சொன்னாள். "இவருக்கு வயசாயிடுச்சு, கை நடுங்கும்."

ராலாமிக்கு அது நியாயமாகப் பட்டது. கங்காணியின் கையைப் பிடித்து முன் சீட்டில் ஏற்றிவிட்டு, அவரை டிரைவர் பக்கம் தள்ளி, கதவோரம் தானும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். கார் புறப்பட்டது.

கேட்டைத் தாண்டி வளைவில் இறங்கும்போது சோலைமலை கண்ணைத் திறந்தான். மேலே தெரிந்த முகத்தை அடையாளம் கண்டான். அவன் உதடு அசைந்தது.

"ஏங்க்கா... மாத்திச் சொன்னீங்க?"

அரைகுறைச் சிங்களம் அவனுக்கும் விளங்கும்; அவள் கத்தியதைக் கேட்டிருக்கிறான். பிழைத்தால் கங்காணிக்கு எதிராக ஒரு வாய். அவளுக்கு எதிராகவும் அதே வாய்தான்.

வீரம்மா குனிந்தாள். "அதையும் கோர்ட்டுல சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. அதுக்கு நீ இருக்கணும். செத்துத் தொலைச்சிராத, கேட்டியா? மூச்ச விட்டுறாத."

கங்காணி திரும்பிப் பார்த்தார். "என்னா சொல்றான்?"

"தண்ணி கேக்குறான்."

கங்காணி முன்பக்கம் திரும்பி டிரைவரின் தோளில் கை வைத்தார்.

"கீழ் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. மேட்டுல திருப்பு. தோட்டத்து வழியா சுத்திப் போயிரலாம்."

அதையே சிங்களத்தில் ராலாமிக்கும் சொன்னார். ராலாமி தலையாட்டினான்.

காலையில் வீரம்மா நடந்து வந்தது கீழ் ரோட்டில்தான். ஒரு கல் கூட உருண்டு கிடக்கவில்லை.

"ராலாமி!" அவள் சிங்களத்தில் கத்தினாள். "பொய் சொல்றாரு! கார நிப்பாட்டச் சொல்லுங்க!"

ராலாமி திரும்பிப் பார்த்தான். டிரைவரின் தோளிலிருந்த கங்காணியின் விரல்கள் இறுகின. கார் நிற்கவில்லை. மேட்டில் திரும்பி, கங்காணி வைத்ததே சட்டமான தோட்டத்துத் தேயிலைக்குள் ஏறியது.